இலவசமா கிடைக்குது... ஆனா யார் பார்த்துக்கிறாங்க? விக்கிப்பீடியாவையும் கண்மாயையும் இணைக்கும் ஒரு கேள்வி

காலையில் எழுந்ததும் போனைக் கையில் எடுக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பிய ஃபார்வர்டு உண்மையா என்று தேடினால் முதல் சில முடிவுகளிலேயே விக்கிப்பீடியா வந்துவிடும். ராத்திரி லேப்டாப்பில் படம் பார்க்க விஎல்சி பிளேயர். இதுக்கெல்லாம் நாம பத்து பைசா கொடுத்ததில்லை.

இப்போது உங்கள் சொந்த ஊரை நினைத்துப் பாருங்கள். ஒரு ஏரியோ கண்மாயோ இருக்கும். மழைக்காலத்தில் அது நிரம்பினால்தான் கோடையில் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்கும். அதற்கும் இதுவரை நமக்கு பில் வந்ததில்லை.

விக்கிப்பீடியாவுக்கும் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள் ஆய்வாளர்கள்: 'காமன்ஸ்', அதாவது பொதுவளம். இரண்டுக்கும் ஒரே ஆபத்துதான். எல்லோரும் பயன்படுத்துகிறோம், பார்த்துக்கொள்பவர் யாரென்று மட்டும் யோசிப்பதில்லை. அந்த ஆள் யார், அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

பியர் புரொடக்‌ஷன்னா என்ன?

ஒரு பொருளை உருவாக்க வழக்கமாக இரண்டு வழிகள் சொல்வார்கள். ஒன்று, கம்பெனி: முதலாளி சொல்வார், ஊழியர் செய்வார். இன்னொன்று, சந்தை: விலை பேசி வாங்குவது, விற்பது. யோக்காய் பெங்க்லர் என்ற சட்டப் பேராசிரியர் 2002-ல் எழுதிய கட்டுரையில், இணையத்தில் மூன்றாவதாக ஒரு வழி உருவாகிவிட்டது என்றார். முதலாளி உத்தரவு போடவில்லை, விலையும் இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வேலை செய்து ஒரு பெரிய பொருளை உருவாக்குகிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர், 'காமன்ஸ் அடிப்படையிலான பியர் புரொடக்‌ஷன்'. தமிழில் எளிமையாக 'கூடி உருவாக்குதல்' எனலாம்.

உதாரணங்கள் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருக்கின்றன. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆரம்பித்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. அதன் தொடக்க நாட்களில் இலங்கைத் தமிழரும் கட்டடக் கலைஞருமான இ.மயூரநாதன் வளைகுடாவில் இருந்தபடி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அதற்கும் முன்பே, 1998 பொங்கலில், மதுரைத் திட்டம் தொடங்கிவிட்டது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்காரர்களுக்கு மறக்காது. அப்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் மேல், எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துவைத்தார்கள். அதுவும் இதே வகைதான்.

புறம்போக்கா, பொதுவளமா?

தமிழில் 'புறம்போக்கு' என்றால் இன்று திட்டு. உண்மையில் அது நில ஆவணங்களில் உள்ள சொல். பட்டா போட்டு யாருக்கும் கொடுக்காமல் ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட நிலம். மேய்ச்சல் நிலம், ஏரி, ஓடை, களம், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். சென்னையின் 'மந்தைவெளி'யும் ஒரு காலத்தில் மாட்டு மந்தை மேய்ந்த வெளிதான். பொதுவில் இருந்த நிலத்தின் பெயரே வசவாக மாறியிருக்கிறது என்றால், அதை நாம் எவ்வளவு மதித்தோம் என்று புரிகிறதல்லவா?

'பொதுவில் விட்டால் பாழாகிவிடும்' என்ற எண்ணத்துக்கு அறிவியல் முலாம் பூசியவர் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின். 1968-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம். ஒரு மேய்ச்சல் நிலம் எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் 'இன்னும் ஒரு மாடு விட்டால் எனக்கு லாபம்' என்றே நினைப்பார்கள். லாபம் அவருக்கு, புல் தீர்கிற நஷ்டம் எல்லோருக்கும். கடைசியில் நிலமே மொட்டையாகும். ஆகவே ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசு எடுத்துக்கொள்ளட்டும். இந்த வாதம் பல நாடுகளில் அரசுக் கொள்கைகளையே பாதித்தது.

இதற்குப் பதில் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-ல் பெற்ற இவர்தான், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். படித்தது அரசியல் அறிவியல். கணக்குப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், நிஜமான ஊர்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517-லேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகள் தாண்டியும் மொட்டையாகவில்லை.

1990-ல் வெளிவந்த நூலில், நீண்ட காலம் தாக்குப்பிடித்த பொதுவளங்களில் தான் பார்த்த எட்டு அம்சங்களை ஆஸ்ட்ரம் பட்டியலிட்டார். சுருக்கமாகச் சொன்னால்:

- யாருக்கு உரிமை, எதுவரை எல்லை என்பது தெளிவாக இருக்கும்.
- விதிகள் அந்த ஊருக்கும் வளத்துக்கும் பொருந்தும்.
- விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு விதியை மாற்றவும் உரிமை இருக்கும்.
- கண்காணிக்க ஆள் இருக்கும். அந்த ஆள் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.
- தப்பு செய்தால் முதலில் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிய தண்டனை.
- சண்டை வந்தால் அங்கேயே, செலவில்லாமல் தீர்க்க வழி இருக்கும்.
- அரசு இந்த ஏற்பாட்டைக் கலைக்காது.
- வளம் பெரிதாக இருந்தால், சின்னக் குழுக்கள் பெரிய அமைப்புக்குள் அடுக்கடுக்காக இயங்கும்.

விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைத் திருத்திப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழக்கப்பட்டதாக இருக்கும். யாராவது குறும்பு செய்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு சில நாள் தடை, பிறகு நிரந்தரத் தடை. பிற்காலத்தில் ஹார்டினே, தான் சொன்னது 'பராமரிப்பில்லாத' பொதுவளத்துக்குத்தான் பொருந்தும் என்று ஒப்புக்கொண்டார்.

நீர்க்கட்டிக்கு நெல்

பராமரிப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அதை யாரோ ஒருவர் செய்ய வேண்டும். நம் ஊரில் அந்த ஆளுக்குப் பெயர் நீர்க்கட்டி. சில பகுதிகளில் நீர்பாய்ச்சி, மடையர் என்றும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சின்ன இயந்திரம் மாதிரி. வரத்துக் கால்வாய் தண்ணீர் கொண்டுவரும், மடை வயலுக்கு விடும், கலுங்கு உபரியை அடுத்த கண்மாய்க்கு அனுப்பும். மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், தண்ணீர் குறைந்தால் யாருக்கு முறை என்பதையெல்லாம் நடைமுறைப்படுத்தியவர் நீர்க்கட்டி. தண்ணீர் தட்டுப்பாடான காலத்தில் நில உரிமையாளர் தானாக வாய்க்காலை வெட்டிவிட முடியாது, நீர்க்கட்டிதான் பாய்ச்சுவார். கரையில் உடைப்பு வருகிறதா என்று ராத்திரி பார்ப்பதும் அவர் வேலை.

இதற்குக் கூலி? அறுவடையின்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு விவசாயியும் நெல் அளந்தார்கள். அதாவது, தண்ணீரால் பலன் பெற்றவர்களே, பெற்ற அளவுக்கு ஏற்ப, பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்தார்கள். கால்வாய் தூர்வாரும் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போனார்கள். அதுதான் குடிமராமத்து.

பிறகு இந்த ஏற்பாடு தளர்ந்தது. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. கிணறும் பம்புசெட்டும் போர்வெல்லும் வந்த பிறகு, வசதியான விவசாயிக்குக் கண்மாய்த் தண்ணீர் அவசியமில்லாமல் போனது. அவர் நெல் அளப்பதை நிறுத்தினார். கூலி குறைந்த நீர்க்கட்டி வேறு வேலை தேடினார். மடை பழுதானது, வரத்துக் கால்வாயில் வீடு வந்தது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து ஏரிகளைத் தூர்வாரியது. தூர்வார நிதி ஒதுக்கலாம். ஆனால் தினமும் மடையில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே!

ஒரு நிமிஷம்... 'ஊர்'னா யாரு?

இந்தக் கதையைப் பொற்காலக் கதையாக மாற்றிவிடக் கூடாது. நீர்க்கட்டிகளாகப் பல ஊர்களில் இருந்தவர்கள் தலித் மக்கள். பரம்பரை பரம்பரையாக அந்த வேலை அவர்கள்மீது சுமத்தப்பட்டது. தண்ணீரைப் பங்கிட்டவருக்கு அந்தத் தண்ணீர் பாயும் நிலம் பெரும்பாலும் சொந்தமில்லை. 10-ம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்பட சொந்த நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டுதான் சொல்கிறது.

மகாராஷ்டிராவின் மகாட் நகரில் ஒரு பொதுக்குளத்தில் தண்ணீர் குடிக்க, 1927-ல் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. குளம் பொதுதான். ஆனால் அந்தப் 'பொது'வுக்குள் எல்லோரும் இல்லை. ஆக, பொதுவளம் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: உரிமை யாருக்கு, உழைப்பு யாருடையது, முடிவு எடுப்பது யார்? மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் அதைப் பொது என்று அழைப்பதில் அர்த்தமில்லை.

இணையத்தின் நீர்க்கட்டிகள்

இதே கேள்வியை இணையத்தில் கேட்டுப் பார்ப்போம். லினக்ஸ் மாதிரி பெரிய திட்டங்களுக்குப் பிரச்சினை குறைவு. அதில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன. சிக்கல், கண்ணுக்குத் தெரியாத சின்ன மென்பொருள்களில்தான்.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஆன்லைன் வங்கி முதல் மின்னஞ்சல் வரை பாதுகாப்பாக இயங்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது அது. உலகின் எத்தனையோ இணையதளங்கள் சார்ந்திருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். விஷயம் வெடித்த பிறகுதான் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து நிதி ஒதுக்கின.

பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில் இன்னொரு சம்பவம். ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளைத் தன்னார்வமாகப் பராமரித்துவந்தார் ஒருவர். வேலைப்பளுவில் அவர் களைத்துப்போயிருந்த நேரத்தில், உதவுகிறேன் என்று ஒரு புதிய நபர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு, உலகின் சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிவகுக்கும் கள்ளக் கதவை அதில் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், சர்வரில் லாக்-இன் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் உலகம் தப்பித்தது.

கரை உடைவதற்கு முன் ஒரு நீர்க்கட்டி கண்டுபிடித்தார், அவ்வளவுதான். ஆனால் கரையைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்த முதல் ஆளுக்கு யாரும் நெல் அளக்கவில்லை.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. ஏஐ நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள், அதாவது பாட்கள், விக்கிப்பீடியாவை மேய்ந்துகொண்டே இருக்கின்றன. 2024 ஜனவரிக்குப் பிறகு படம், வீடியோ தரவிறக்கத்துக்கான அலைவரிசைப் பயன்பாடு 50 சதவீதம் கூடிவிட்டதாக விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது. அதிகச் செலவு வைக்கும் டிராஃபிக்கில் 65 சதவீதம் பாட்களால் வருவதாம். அதே ஆண்டு அக்டோபரில், மனிதர்கள் வந்து படிப்பது சுமார் 8 சதவீதம் குறைந்திருப்பதாகவும் சொன்னது. ஏஐயே பதில் சொல்லிவிட்டால் கட்டுரைப் பக்கத்துக்கு யார் வருவார்கள்? படிக்க வராதவர் எழுதவும் வரமாட்டார். டோர்பெல் கிராமம் 1517-ல் பயந்தது இதைத்தான்: தன் தொழுவத்தில் தீனி போடாதவர் பொதுவெளியில் மாட்டை விடுவது.

அப்போ கூட்டுறவு எங்கே வருது?

கூடி உருவாக்குவதில் அறிவு பகிரப்படுகிறது. ஆனால் உழைத்தவருக்கு வருமானம் வருவதற்கு அதில் வழியில்லை. கூட்டுறவு இதற்கு நேர் எதிர்: உழைப்பவரே முதலாளி, ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, லாபம் உறுப்பினர்களுக்கு. ஆனால் அதன் பலன் பொதுவாகச் சங்கத்துக்குள்ளேயே நிற்கும்.

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் நல்ல உதாரணம். வாக்படானந்தர் தலைமையிலான சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் 1925-ல் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று சாலை, பாலம் கட்டுகிறது. கோழிக்கோட்டில் ஓர் ஐடி பார்க்கும் நடத்துகிறது. குஜராத்தில் 1946-ல் தொடங்கிய அமுலுக்கு இன்று சுமார் 36 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் சொந்தக்காரர்கள்.

கூட்டுறவு என்றாலே எல்லாம் சரியாகிவிடாது. உறுப்பினர்களே கூட்டத்துக்கு வராத சங்கம், தேர்தல் நடக்காமல் அதிகாரிகள் கையில் இருக்கும் சங்கம், கட்சிக்காரர் கைக்குப் போன சங்கம் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆஸ்ட்ரம் சொன்ன விதிகள் இங்கேயும் பொருந்தும். கண்காணிக்க ஆள் இல்லையென்றால் சங்கமும் கண்மாய் மாதிரி தூர்ந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால்?

அறிவு பொதுவில், வருமானம் கூட்டுறவில். இப்படி இரண்டையும் இணைக்க ஒரு முயற்சி பிரான்சில் நடக்கிறது. பெயர் கூப்சைக்கிள். சைக்கிளில் உணவும் பார்சலும் கொண்டுபோகும் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. ஆர்டர் வாங்குவது, ரைடருக்கு அனுப்புவது எல்லாம் செய்யும் ஆப்பை அவர்கள் பொதுவில் உருவாக்கியிருக்கிறார்கள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம். ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்ய வேண்டுமென்றால், தொழிலாளர்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவு அமைப்பாக இருக்க வேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தனித்தனியாகக் கோடிகள் செலவழித்து ஆப் செய்ய வேண்டியதில்லை. பெரிய கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

அளவில் இது சின்னது. பெரிய உணவு டெலிவரி நிறுவனங்களின் தள்ளுபடியோடு மோதும் பணம் இவர்களிடம் இல்லை. சில திறந்தநிலை மென்பொருள் ஆர்வலர்கள், நிபந்தனை போட்டால் அது முழுச் சுதந்திர மென்பொருள் ஆகாது என்றும் விமர்சிக்கிறார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்ற விதியில் அதிகம் எடுப்பவர், ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவராக இருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விஷயமில்லை. 2020-21-ல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30-ல் அது 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை மதிப்பிட்டது. உச்சி வெயிலில் கடை வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அண்ணனுக்கு, ஆர்டரை ஒதுக்கும் ஆப்பில் எந்த ஓட்டும் கிடையாது. பைக் அவருடையது, பெட்ரோல் அவருடையது, போன் அவருடையது. ஆப் மட்டும் வேறு யாருடையதோ.

சரி, நாம என்ன பண்ணலாம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து பாருங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள். நீங்கள் ஐடி நிறுவனத்தில் இருந்தால், தினமும் பயன்படுத்தும் இலவச மென்பொருளில் எதைப் பராமரிக்க நிறுவனம் பணம் தருகிறது என்று மேனேஜரிடம் கேளுங்கள். நீங்கள் உறுப்பினராக உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். கிராம சபையில் ஏரி பற்றிப் பேச்சு வந்தால், தூர்வார எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்தாமல், 'மடையைப் பார்த்துக்கிற ஆள் யாரு, அவருக்கு மாசம் எவ்வளவு?' என்றும் கேளுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் கேட்பது நல்லது.